கங்காதரும் ராஜேந்திரனும்

சக்திமானையும் விடாது கருப்பையும் ஒன்றாக நிறுத்திப் பேசினால் முதலில் கண்ணில் படுவது பொருத்தமின்மைதான். சக்திமான் பகலில் பிள்ளைகளுக்காகவே வந்தவர். கருப்பு இரவில் பெரியவர்களுக்காக வந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டவர். ஒருவருக்குப் பளபளக்கும் உடுப்பு, ஒரு கையை உயர்த்திச் சுழலும் வேகம். மற்றவருக்குக் குதிரை, அரிவாள், இருட்டு. ஆனால் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் 1990களின் கடைசியில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் டிவியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் பெயர் வந்ததும் மற்றவர் பெயரும் பின்னாலேயே வந்துவிடும். ஒரே காலத்தில் பார்த்ததால் வந்த பழக்கம் என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. நெருங்கிப் பார்த்தால், இரண்டு தொடர்களும் ஒரே கதையை எதிரெதிர் முனைகளிலிருந்து சொல்கின்றன.

காலப் பொருத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். வேளாங்கண்ணி மாதா பெருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும். 1997இல் விழா முடிந்த ஐந்தாம் நாள், செப்டம்பர் 13 சனிக்கிழமை, தூர்தர்ஷனில் சக்திமான் தொடங்கியது. பிறகு ஞாயிறு பகலுக்கு மாறியது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’, மர்மதேச வரிசையில் சன் டிவிக்கு வந்ததும் அதே காலகட்டத்தில்தான்.

இருவரும் வீட்டுக்குள் வந்த வழிதான் வேறு. சக்திமானுக்கு மாடியில் ஓர் ஆன்டெனா போதும். மாதக் கட்டணம் கிடையாது, கடல்காற்று மட்டும்தான் எதிரி. கம்பம் சற்றே திரும்பிவிட்டால் தூர்தர்ஷன் இருந்த இடத்தில் இலங்கையின் ரூபவாகினி வந்து நிற்கும். மேலே ஒருவர் கம்பத்தைப் பிடித்துத் திருப்புவார். கீழே வாசலில் நிற்பவர் “வந்துச்சு... வந்துச்சு... ஐயோ, போச்சு” என்று குரல் கொடுப்பார். இது முடிவதற்குள் கங்காதர் ஒருமுறை சக்திமானாக மாறி வேலையை முடித்துத் திரும்பியிருப்பார்.

கருப்புக்குக் கேபிள் வேண்டும். கேபிள் எல்லார் வீட்டிலும் இல்லை. இருக்கிற வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் அவரவர் வீட்டுக்கு இருட்டில் நடக்க வேண்டும். கருப்பைப் பற்றிய பயத்தில் பாதி தொடரில் இருந்தது, மீதிப் பாதி அந்த நடையில் இருந்தது. இந்த அனுகூலம் சக்திமானுக்கு வாய்க்கவில்லை. அவர் தொடர் முடியும்போது வெளியே உச்சி வெயில்.

மொழியிலும் இப்படி ஒரு குறுக்கு விளையாட்டு உண்டு. தூர்தர்ஷனில் சக்திமான் பேசியது இந்தி. பேச்சு பிடிபடவில்லை, கதை முழுவதும் பிடிபட்டது. தம்ராஜ் கில்விஷ் குரலை உயர்த்தும்போது அவன் இருட்டின் கட்சி என்று தெரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை. விடாது கருப்பு நம் ஊர்த் தமிழில் நடந்தது. பேச்சு முழுவதும் பிடிபட்டது, கதைதான் பிடிபடவில்லை. சிறுவன் ராஜேந்திரனின் காலமும் வளர்ந்த ராஜேந்திரனின் காலமும் மாறி மாறி வரும். எது அன்று, எது இன்று என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் “சும்மா பாருடா” என்ற அதட்டல்தான் கிடைக்கும். புரியாத மொழியில் புரிந்த கதை ஒன்று, புரிந்த மொழியில் புரியாத கதை ஒன்று. குழந்தை மனம் இரண்டையும் சமமான ஆவலோடு ஏற்றுக்கொண்டது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இரண்டு தொடர்களிலும் பாத்திரம் என்று சொல்லத்தக்கவர் சாகசம் செய்பவர் அல்லர். அவருக்குள் இருக்கும் சாதாரண மனிதர்தான். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, தடித்த கண்ணாடி, துருத்திய பல் என்று பத்திரிகை அலுவலகத்தில் எல்லாரும் சிரிக்க வளைய வரும் புகைப்படக்காரர் கங்காதர். ஊருக்குள் நடமாடும் இன்னொரு மனிதன், நாம் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத ஆள், ராஜேந்திரன். நீதி வழங்கும் வேகம் இருவருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. வெளியே வரும்போது அது அவர்களுடைய முகத்தோடு வருவதில்லை.

வேறுபாடு ஒன்றே ஒன்று: அந்த ரகசியம் யாரிடம் இருக்கிறது என்பது. கங்காதருக்குத் தான் யார் என்று தெரியும், நமக்கும் தெரியும். அருகிலேயே இருந்து சக்திமானை நினைத்து உருகும் நிருபர் கீதா விஸ்வாஸுக்குத்தான் நெடுநாள் தெரியாது. ராஜேந்திரன் விஷயத்தில் இது தலைகீழ். ஊருக்குத் தெரியாது, நமக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது. முதல் ரகசியத்தில் நாமும் கூட்டாளி, அதனால் கீதா ஏமாறும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறோம். இரண்டாவதில் நாம் ஏமாளி, அதனால் ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே பார்க்கிறோம். நகைச்சுவைக்கும் திகிலுக்கும் நடுவில் இருக்கும் தூரம் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

நடிகர்களுக்கு விழுந்த வேலையும் அதற்கேற்ப மாறியது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் பீஷ்மராக நிமிர்ந்து நின்ற முகேஷ் கன்னா, கங்காதருக்காகக் கூனிக் குழைந்து பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. வித்தியாசம் பளிச்சென்று தெரிவதில்தான் அவர் வெற்றி. ராஜேந்திரனாக நடித்த சேத்தனுக்கு வித்தியாசம் தெரியவே கூடாது. கண்ணெதிரே நின்றபடி ஒளிந்திருக்க வேண்டும். குட்டு வெளிப்பட்ட பிறகு பழைய காட்சிகளை நினைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தவும் வேண்டும். நடிப்பில் எது கடினம் என்று கேட்டால் தயங்காமல் சேத்தன் பக்கம் நிற்பேன்.

இருவரின் பூர்வீகத்தைத் துருவினால் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. சக்திமானின் அச்சு அமெரிக்காவில் 1938இல் வார்த்தது. பத்திரிகை வேலை, மூக்குக் கண்ணாடி, அருகிலேயே ஒரு பெண் நிருபர் என்று சூப்பர்மேனின் சாமான்கள் அத்தனையும் கங்காதரிடம் உண்டு. ஆனால் பறக்கும் சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வேறு கிரகத்தைக் காட்டவில்லை. தவம், குண்டலினி, ஏழு சக்கரங்கள், பஞ்சபூதம் என்று முழுக்க நம் மண்ணுச் சரக்கு. கருப்பு இதற்கு நேர்மாறு. உருவம் ஊர் எல்லைக்குச் சொந்தம். குளம்பொலி கேட்டதும் யார் வருகிறார் என்று தமிழ்க் கிராமத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். விளக்கம்தான் வெளியிலிருந்து வருகிறது: ஒரே உடம்புக்குள் ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆள்கள் என்று மேற்கத்திய உளவியல் வகுத்த நோய். கதையுலகில் அதற்கு மூதாதை வேண்டுமென்றால் 1886இல் ஸ்டீவன்சன் எழுதிய ஜெக்கிலும் ஹைடும் இருக்கிறார்கள். சக்திமானுக்குச் சட்டை வெளியூர், சக்தி உள்ளூர். கருப்புக்குச் சாமி உள்ளூர், மருத்துவச் சீட்டு வெளியூர்.

வேளாங்கண்ணிப் பிள்ளைக்கு இதில் எதுவும் விசித்திரமாகப் பட்டிருக்காது. கோபுரங்களைப் பார்த்தால் ஐரோப்பிய கோதிக் பாணி. உள்ளே மாதா சேலை உடுத்தி நிற்கிறாள். மொட்டை போடுவதும் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவதும் அந்த வளாகத்துக்குள்ளேயே நடக்கின்றன. அங்கிருந்து மேற்கே வயல்காட்டுப் பக்கம் போனால் அய்யனார் கோயில்களில் சுதைக் குதிரைகள் காவல் நிற்கின்றன. வெளியூர் வடிவமும் உள்ளூர் பொருளும் ஒன்றாகக் குடியிருக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளை, யோகம் பயின்ற சூப்பர்மேனையும் மனநோய் கொண்ட எல்லைச்சாமியையும் ஒரே வாரத்தில் வரவேற்றதில் அதிசயம் இல்லை.

குற்றத்தை எப்படிக் கையாள்வது என்பதில் இருவரும் பிரிகிறார்கள். சக்திமானின் கடைசியில் வரும் அந்தச் சின்னப் பகுதி நினைவிருக்கும். பிள்ளை ஏதோ தவறு செய்யும். சக்திமான் எதிரே வந்து நிற்பார். பிள்ளை தவற்றை ஒத்துக்கொண்டு “சாரி சக்திமான்” சொல்லும். அவர் சிரித்து, புத்தி சொல்லி அனுப்பிவிடுவார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுப் பழகிய கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பழகிய காட்சி வேறில்லை. தவற்றைச் சொல்வது, மனம் வருந்துவது, மன்னிப்புப் பெறுவது என்ற வரிசை அப்படியே இருந்தது. கருப்பிடம் அந்தத் தொட்டியே கிடையாது. அவர் கேட்பதில்லை, செய்தவனைத் தேடி வருவார். சக்திமான் கூப்பிட்டால் வருபவர், கருப்பு கூப்பிடாமலே வருபவர் என்று இருவரையும் ஒரு வரியில் பிரித்துவிடலாம்.

விந்தை என்னவென்றால், கேடு விளைந்ததாகப் பேச்சு எழுந்தது மன்னிப்பவரைப் பற்றித்தான். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் தங்களுக்கு ஆபத்து தேடிக்கொண்டதாகப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. தொடரின் மேல் பழி போடுவதை முகேஷ் கன்னா மறுத்தார். ஆனாலும் திரையில் தோன்றி, இது நடிப்பு, செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். கருப்பின் பெயரால் யாரும் மாடியிலிருந்து குதிக்க நினைத்ததில்லை. போர்வைக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்துகொண்டோம், அவ்வளவுதான். அன்பான சாமி பிள்ளையை அசட்டுத் துணிச்சலுக்குத் தூண்டியது, கோபமான சாமி வீட்டுக்குள் பத்திரமாக வைத்தது. இரண்டில் எது நல்ல வளர்ப்பு என்று தீர்ப்பு எழுத எனக்குத் துணிவில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 2005 மார்ச்சில் சக்திமான் நின்றது. அதே ஆண்டு ஜூனில் ஷங்கரின் அந்நியன் வந்தது. எல்லாருடைய கேலிக்கும் ஆளாகிற, விதி தவறாத அம்பி கங்காதருக்குத் தம்பி. தான் அறியாமலே தண்டனை கொடுத்துத் திரியும் அந்நியன் ராஜேந்திரனுக்குத் தம்பி. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அன்று திரையரங்கில் இருந்த என் வயதுக்காரர்கள் முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்ததற்குக் காரணம் அவர்களின் அறிவுக்கூர்மை மட்டுமில்லை என்று சொன்னால் போதும்.

இன்று திரும்பப் பார்க்க இருவரும் கிடைக்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி ஒளிபரப்பியது. மர்மதேசத் தொடர்கள் யூடியூபில் இருக்கின்றன. சக்திமானின் தந்திரக் காட்சிகளுக்கு வயதாகிவிட்டது; அவர் பறப்பதைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கங்காதருக்கு வயதாகவில்லை, சரியான இடத்தில் சரியாகச் சிரிக்க வைக்கிறார். விடாது கருப்பில் முடிச்சு தெரிந்துவிட்டதால் திகில் பாதி குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறொன்று வந்திருக்கிறது: அன்று கருப்பைப் பார்த்து நடுங்கிய நாம், இன்று அந்தச் சிறுவன் ராஜேந்திரனைப் பார்த்து இரங்குகிறோம். மனநோய் என்று சொல்லி முடித்த பிறகும் கதை சாமியை முழுவதுமாக வெளியே அனுப்பிவிடுவதில்லை என்பதும் இப்போதுதான் கண்ணில் படுகிறது.

பாத்திரம் என்ற அளவில் என் வாக்கு கங்காதருக்கு. கதை என்ற அளவில் விடாது கருப்புக்குப் பக்கத்தில்கூட சக்திமான் வர முடியாது. வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். கருப்பு மெதுவாகத்தான் சூடு பிடிக்கும், அதுவரை பிள்ளை எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜேந்திரன் யார் என்பதை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.