பஞ்சத்தில் சோறு போட்ட கொக்கி ஊசி

குழந்தை பிறந்த வீட்டுக்குக் கையால் பின்னிய குட்டி ஸ்வெட்டரைப் பரிசாகக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். இன்று பொழுதுபோக்காகத் தெரியும் குரோஷா பின்னல், ஒரு காலத்தில் பல குடும்பங்களின் உயிர் காத்த தொழில் என்பது பலருக்குத் தெரியாது.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளின் அன்றாட உணவே அதுதான். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். ஏறத்தாழ அதே அளவு மக்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினர்.

அந்தக் காலத்தில்தான் கார்க் பகுதியின் கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தன. குளோன்ஸ் என்ற ஊரில் 1847-ல் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் இதே வேலையைத் தொடங்கினார். முதலீடு ஒரு கொக்கி ஊசியும் நூலும் மட்டுமே! பூவையும் இலையையும் தனித்தனியாகப் பின்னி, பிறகு ஒன்றாக இணைத்தார்கள். பயிர் அழிந்த வீடுகளில் இந்தக் காசுதான் அடுப்பை எரிய வைத்தது.

நெசவுக்கும் ஸ்வெட்டர் பின்னலுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அசல் குரோஷாவை மட்டும் இன்றும் கைதான் பின்னுகிறது. ஆகவே, ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் குரோஷா ஸ்வெட்டரின் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்டதுதான்.