துருகமும் மலையும்

தியாகதுருகத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்கு முதலில் பாறைதான் தெரிகிறது. கோட்டை பிறகு, அதுவும் தேடினால். கள்ளக்குறிச்சிக் கிளைக்கு மாற்று வேலையாக அனுப்பப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். சித்திரை வெயில். இடிந்த மதிலில் முள். உச்சியில் ஒரு பீரங்கி. அதன் வாய்க்குள் பீடித் துண்டுகள்.

பாண்டிச்சேரியைக் காப்பாற்ற உதவி வேண்டி, 1760ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையை ஹைதர் அலி தரப்புக்குக் கொடுத்தார். பாண்டிச்சேரி தப்பவில்லை. 1761 ஜனவரியில் அது விழுந்தது. அடுத்த மாதம் துருகமும் ஆங்கிலேயரிடம் போயிற்று. 1790ல் திப்பு வந்தார். உள்ளேயிருந்த கேப்டன் ஃப்ளின்ட் விட்டுக்கொடுக்கவில்லை. நமது சரித்திர நாவல்காரர்களுக்கு இவ்வளவு போதும். ஒரு இளவரசியும் ஒரு சுரங்கமும் சேர்த்தால் இரண்டு வருஷத்துக்குத் தொடர்கதை. மதிலை ஒட்டிக் கூரை போட்டுக்கொண்டு, எந்தக் கொடி ஏறினாலும் தண்ணீர் சுமந்தவர்கள் அதில் கூட்டமாகத்தான் வருவார்கள்.

மேற்கே நீலமாகக் கல்வராயன் மலை. அங்கே மதில் இல்லை. இருந்ததெல்லாம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். மலையாளிகள் அவர்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். 1947 ஆகஸ்ட் அந்தச் சரிவுகளில் ஏறவே இல்லை. அரசாங்கம் மலையை எடுத்துக்கொண்டது 1976 ஜூன் 25ம் தேதி: நெருக்கடி நிலை பிரகடனமாகிச் சரியாக ஒரு வருஷம். சமவெளியில் நாம் பேச்சை இழந்திருந்த நாளில் அவர்களுக்கு ஜாகீர் ஒழிந்தது. நெருக்கடி நிலையைப் பற்றி நாம் எழுதிய கவிதைகளில் இந்தத் தேதிக்கு இடமில்லை. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்காக நெருக்கடி நிலையை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் நமது துக்கம் சமவெளியின் துக்கம் என்றாவது ஒப்புக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை கவுண்டரில் மலையிலிருந்து ஒருவர் வந்தார். மரவள்ளி போடக் கடன் வேண்டும். பட்டா கேட்டேன்.

"தாத்தா காலத்திலேர்ந்து நாங்கதான் உழுவுறோம் சார்."

விதிப்படி முடியாது என்றேன். பையை மடித்து இடுக்கிக்கொண்டு, "அடுத்த வாரம் வரட்டுங்களா?" என்று கேட்டார். வாருங்கள் என்றேன். வெள்ளிக்கிழமையோடு எனக்கு அங்கே வேலை முடிகிறது என்பதைச் சொல்லவில்லை.