பிணங்காத வாதம்

சுல்தான்கள் ஆண்ட தெர்னாத்தே தீவிலிருந்து 1858ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் வாலஸ் டார்வினுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். தாம் நெடுங்காலம் ஆராய்ந்துவந்த இயற்கைத் தேர்வுக் கொள்கையையே அதில் கண்டு டார்வின் திகைத்தார். ஜூலை 1இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாகவே படிக்கப்பெற்றன.

மனிதனைப் பற்றிய வினாவில்தான் இருவரும் வேறுபட்டனர். அலீ என்னும் மலாய் இளைஞரின் துணையோடு தீவுகள் பலவற்றில் சுற்றித் திரிந்தவர் வாலஸ். பழங்குடி மக்களின் மூளை கற்றறிந்தோர் மூளைக்குப் பெரிதும் குறைந்ததன்று. காட்டு வாழ்வின் தேவைக்கு மிஞ்சிய அவ்வாற்றலை இயற்கைத் தேர்வு மட்டும் தந்திராது. மேலானதோர் அறிவே வழிநடத்தியிருக்க வேண்டும் என்று அவர் 1869இல் எழுதினார். டார்வின் வருந்தினார். கூடிவாழும் உணர்வும் பரிவும் மொழியும் பழக்கமுமே அறவுணர்வை வளர்த்தன என்று 1871இல் தம் நூலில் விடை பகர்ந்தார்.

வாதம் முடியவில்லை, நட்பும் முறியவில்லை. பொருள்முடையால் வாடிய வாலஸுக்கு ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை 1881இல் கிடைக்கப் பாடுபட்டவர் டார்வினே. மறு ஆண்டு டார்வினின் பேழையுடன் நடந்தோருள் வாலஸும் ஒருவர்.

டார்வினின் முடிவை மறுப்போர் நம்மிடையே பலர் உளர். ஆனால், மாற்றுக் கருத்துடையவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்த அப்பண்பை மறுப்பார் யார்?