முடவாட்டுக்கால்

முடவாட்டுக்கால் மரங்களிலும் பாறைகளிலும் படர்ந்து வாழும் பெரணி. முடவன் ஆட்டுக்கால், ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. 1753இல் லின்னேயஸ் இதைப் பாலிப்போடியம் பேரினத்தில் வைத்து விவரித்தார்; அண்மைக்கால வகைப்பாடுகள் சில அக்லாவோமார்ஃபா பேரினத்தில் சேர்க்கின்றன. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இது இயல்பாக வளர்கிறது. தமிழ்நாட்டில் கொல்லிமலையின் பெயரோடுதான் இது பேசப்படுகிறது. ஆனால் கிழக்கு, மேற்கு என இரண்டு தொடர்ச்சி மலைகளிலும் உண்டு.

சந்தையில் கிழங்கு என்று விற்கப்படுவது மண்ணுக்குள் விளைவதே இல்லை. அது பட்டையின் மேலோ பாறையின் மேலோ ஊர்ந்து செல்லும் சதைப்பற்றுள்ள தண்டு. பழுப்பு நிறச் செதில்கள் ரோமம்போல அடர்ந்து மூடியிருப்பதால் பார்வைக்கு ஆட்டுக்காலேதான். தண்டின் அடியிலிருந்து கிளம்பும் வேர்கள் மரத்தைப் பற்றிக்கொள்ளுமே தவிர, அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஆகவே இதை ஒட்டுண்ணி என்பது தவறு, இது தொற்றுத்தாவரம்.

மண்ணில்லாத இடத்தில் உணவுக்கு என்ன வழி? இதற்கு இரண்டு வகை இலைகள் உண்டு. ஒன்று காம்பில்லாத, அகலமான குட்டை இலை. ஓக் இலைபோல ஓரம் மடல் மடலாக இருக்கும். முளைத்தபோது பச்சையாக இருந்தாலும் விரைவிலேயே காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. விறைத்த காகிதம்போலத் தண்டை அணைத்து நின்று, மேலிருந்து விழும் சருகு, தூசி, பூச்சிகளின் எச்சம் எல்லாவற்றையும் தேக்கி வைக்கும். அவை மட்கி எருவாக, வேர்கள் அதற்குள் புகுந்து நீரையும் சத்தையும் எடுக்கின்றன. மண்ணைத் தேடிப் போகாமல் இருந்த இடத்திலேயே மண்ணைத் தயாரித்துக்கொள்ளும் செடி இது. காய்ந்த இலைகளைப் பார்த்துச் செடி பட்டுப்போனதாக நினைப்பவர்கள் பலர்.

மற்றது காம்புள்ள, ஆழமாகப் பிளவுபட்ட நீண்ட பச்சை இலை. ஒரு மீட்டர் வரை வளரும். ஒளிச்சேர்க்கை பெரும்பாலும் இதன் வேலை. கோடையில் இவை உதிர்ந்துவிட, தண்டு மட்டும் ஈரத்தைச் சேமித்துக் காத்திருக்கும். மழை விழுந்ததும் புதுத்தளிர் சுருண்டு எழும்.

பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. பச்சை இலையின் அடிப்புறத்தில், பக்க நரம்புகளுக்கு இடையே விதைக்குப் பதிலாகப் பரவும் நுண்துகள்களான ஸ்போர்களின் பைகள் சிறு வட்டப் புள்ளிகளாகக் கூட்டமாக அமைகின்றன. ஈரப் பட்டையில் விழும் ஸ்போர், இதய வடிவில் ஒரு சிறு பச்சைத் தகடாக வளரும். அதில் உருவாகும் ஆண் செல் நீர்ப்படலத்தில் நீந்திப் பெண் செல்லை அடைந்தால்தான் புதுச் செடி. ஈரம் தவறினால் எல்லாம் வீண்.

கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்கு வருவோரை முடவாட்டுக்கால் சூப் கடைகள் வரவேற்கின்றன. செதிலைச் சுரண்டிவிட்டுத் தண்டை நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது நெடுநாள் நம்பிக்கை. சீன மருத்துவமும் இதே பேரினத்துச் செடி ஒன்றை எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகிறது. விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் இதன் சாறு வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் ஒரு கிண்ணம் சூப்பில் மூட்டுவலி தீரும் என்று சொல்ல அது போதாது.

விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி காட்டிலிருந்து பெயர்த்தெடுத்தது. இலையைப் பறித்தால் செடி பிழைக்கும். தண்டையே பெயர்த்தால் அது தேக்கிய எருவும் சேர்ந்து போய்விடும். வாங்குபவர்கள் வளர்நுனி உள்ள துண்டு ஒன்றைத் தென்னை நாரில் பொதிந்து, நிழலான மரக்கிளையில் கட்டி, நாரை ஈரமாக வைத்திருந்தால் வீட்டிலேயே வளர்க்கலாம்.