காவிரியைக் கடக்கும் உரிமை: மேட்டூர் நீர்ப்பரப்பின் கரையூர்களும் பரிசல் துறையும்

சேலம் மாவட்டம் கொளத்தூரை அடுத்த பண்ணவாடியும், தருமபுரி மாவட்டம் ஏரியூரை அடுத்த நாகமரையும் எதிரெதிர்க் கரையில் உள்ள ஊர்கள். நடுவில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. இதேபோல் கோட்டையூருக்கு எதிரே ஒட்டனூர். நாகமரைக்காரர் கொளத்தூர்ச் சந்தைக்குப் போக வேண்டுமென்றால் துறைக்கு வந்து படகேற வேண்டும். இல்லையேல் மேச்சேரிப் பக்கம் சுற்றி, மேட்டூர் வந்து, அங்கிருந்து மீண்டும் வடக்கே ஏற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஊர், சாலைக் கணக்கில் அரை நாள் பயணமாகிவிடுகிறது. இந்தத் தூரம் இயற்கை தந்ததன்று, 1934க்குப் பிறகு உண்டாக்கப்பட்டது என்பதும், அதைக் கடக்கும் சேவையை நிர்வாகம் நெடுங்காலமாக வருவாய் இனமாகவே பார்த்து வந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அணைக்கு முன் இப்பகுதி ஒதுக்குப்புறமாக இருக்கவில்லை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து சமவெளிக்கு இறங்கும் காவேரிபுரம் கணவாய் இங்கேதான் முடிகிறது. ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் நடந்த முதல் மைசூர்ப் போரில் காவேரிபுரம் கோட்டைக்காக இரு தரப்பும் மோதின. திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு, 1800இல், மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுத அனுப்பப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கணவாய் வழியாகவே கீழே இறங்கினார். படைகளும் வணிகரும் மாடுகளும் போய்வந்த வழி அது. காவிரியின் கீழ்க்கரை 1792 உடன்படிக்கையால் கும்பினி வசமாகிச் சேலம் மாவட்டமானது. மேல்கரை பின்னர் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வரைபடத்தில் ஆறு எல்லைக்கோடு. ஊர்க்காரர்களுக்கோ அது ஒரு துறை, அவ்வளவுதான். கோடையில் பாறையும் மணலும் மேலே வந்துவிடும். வெள்ளக் காலத்தில் பரிசல் போகும்.

மூங்கிலைப் பிளந்து, வட்டக்கூடையாக முடைந்து, வெளிப்புறம் தோல் போர்த்திய கலம் பரிசல். பின்னாளில் தோலுக்குப் பதில் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. இன்று ஃபைபர் பரிசலும் உண்டு. முன்பின் இல்லாத வட்ட வடிவம் பாறை நிறைந்த ஆற்றுக்கு ஏற்றது. முட்டினால் சுழன்று விலகும்; கரையேறியதும் ஒருவரே தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். ஒரே துடுப்பால் அதை நேராகச் செலுத்துவது கற்றுத் தேற வேண்டிய வித்தை. காவிரிக் கரையில் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது.

இந்தத் துறைகளுக்குச் சட்ட வடிவம் தந்தது 1890ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கால்வாய்கள், பொதுத்துறைகள் சட்டம். ஒரு கடவை அரசு பொதுத்துறை என அறிவிக்கலாம், கட்டணம் நிர்ணயிக்கலாம், வசூல் உரிமையைக் குத்தகைக்கு விடலாம். நிர்வாக அமைப்புகள் மாறிய பின்னும் ஏல முறை மாறவில்லை. ஆட்சி மாறியது, மாவட்டங்கள் பிரிந்தன. ஏலம் மட்டும் தொடர்ந்தது. ஏலம் எடுப்பவர் கட்டிய தொகையைப் பயணிகளிடமிருந்துதான் மீட்க வேண்டும். பரிசல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசு காசு போட்டு நடத்த வேண்டிய ஒன்றை அரசுக்குக் காசு கொடுத்து நடத்தும்படி விட்டதுதான் பிழை.

பெரிய மாற்றம் அணையோடு வந்தது. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1924 பிப்ரவரியில் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டே மேட்டூரில் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கும் அவர் பெயரே நிலைத்தது. 120 அடி முழு நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, ஏறத்தாழ 59 சதுர மைல் நீர்ப்பரப்பு. தஞ்சை வயல்களுக்கு உறுதியான நீர் என்ற நோக்கம் நிறைவேறியது. அந்த 59 சதுர மைலில் இருந்த ஊர்களும் வயல்களும் வண்டிப்பாதைகளும் நீருக்கடியில் போயின. பழைய பண்ணவாடியில் விட்டுவந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும், நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் இன்றும் வெளியே தெரிகின்றன. பத்திரிகைகள் அவற்றை வேடிக்கைக் காட்சியாகப் படம் பிடிக்கின்றன. மூழ்கிய ஊரின் சாட்சிகளாக அவற்றைப் படிப்பதே முறை.

தேக்கத்தின் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை வெளியூர்க்காரர்கள் எளிதில் உணர்வதில்லை. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்கு நீர் திறப்பது மரபு. நீர் இறங்க இறங்கக் கரை உள்ளே நகரும். துறையும் அதன் பின்னால் நகரும். நேற்றுப் படகு கட்டிய இடத்தில் இன்று சேறு; பயணி மூட்டையோடு அதில் நடக்க வேண்டும். நீர் வடிந்த வண்டல் நிலத்தில் கரையூரார் கம்பு, நிலக்கடலை, எள், வெள்ளரி என்று விதைக்கிறார்கள். மழை முந்தினால் விளைச்சல் கைக்கு வருமுன் நீர் ஏறிவிடும். 2017 கோடைபோல் தேக்கம் வற்றிப்போனால் மீனவர் வலைக்கு வேலை இல்லை. 2018, 2024 ஜூலைபோல் அணை நிரம்பி உபரிநீர் பாய்ந்தால், அணைக்குக் கீழே உள்ள துறைகளில் போக்குவரத்துக்குத் தடை விழும். இரண்டு நிலையிலும் பாதிப்பு கரையூருக்கே.

அணைக்குக் கீழே கதை வேறு மாதிரிப் போனது. 1950களில் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் வந்து சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளில் 45,000 ஏக்கர் பாசனம் பெற்றது. 1980களின் இறுதியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் மின் உற்பத்திக்கான கதவணைகள் எழுந்தன. ஓடிய ஆறு தேங்கிய நீராக மாற, பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடத் தொடங்கியது. இருசக்கர வாகனமும் அதில் ஏறும். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் எதிர்க்கரை வாங்கலுக்குப் பரிசலில் போன காலம் பாலத்தோடு முடிந்தது. சேலம்–கரூர் ரயில் பாதையும் 2013இல் அங்கே காவிரியைத் தாண்டியது. வெற்றிலையும் வாழையும் விளையும் சமவெளிக்குப் பாலம் கிடைத்தது. நிலம் கொடுத்த மேல்பகுதி மட்டும் துறையோடு நின்றது.

அந்தத் துறையைக் கடந்துதான் மருத்துவமும் கல்லூரியும் சந்தையும். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்களும் இதே படகில் வருகிறார்கள். மேட்டூர் அரசு மருத்துவமனைக்கு நோயாளியை இரவில் கொண்டுபோவதற்குப் படகு நம்பகமான வழியல்ல. 2021 மே மாதம் முதல் தமிழகப் பெண்கள் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அந்தத் திட்டம் பேருந்துக்கு மட்டுமே உரியது. நாகமரைப் பெண் கரைவரை இலவசமாக வரலாம். காவிரியைக் கடக்கக் காசு கொடுத்தாக வேண்டும்.

உலகின் வேறொரு மூலையைப் பார்ப்பது இங்கே உதவும். அலாஸ்காவின் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் யூப்பிக் பழங்குடியினரின் ஊர்களுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் வண்டி, மற்றபடி சிறு விமானம். அங்கே மளிகைச் சரக்கே அஞ்சல் துறையின் மானியத்தில் விமானத்தில் போகிறது. ஊர்க்காரர்களில் சிலரையே தேர்ந்து பயிற்சி தந்து மருத்துவப் பணியாளர்களாக அமர்த்தும் முறை 1960களிலேயே வேரூன்றியது. அவ்வூர்களின் வறுமையும் விலைவாசியும் கடுமையானவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தூரத்தின் செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும் என்ற கொள்கை அங்கே உண்டு. நமக்கும் இது புதிதன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

கோட்டையூர்–ஒட்டனூர் இடையே பாலம் வேண்டும் என்பது இரு கரையின் பழைய கோரிக்கை. அரசின் அறிவிப்பு வரை அது வந்திருக்கிறது. பாலம் எழும் நாள்வரை செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. துறை ஏலத்தைக் கைவிட்டு, பரிசல்காரர்களுக்கே மாத ஊதியம் தந்து படகை அரசு நடத்தலாம். பெண்களுக்கும் மாணவர்களுக்கும் பேருந்தில் உள்ள சலுகையைப் படகுக்கும் நீட்டிக்கலாம். உயிர்காக்கும் மேலாடையைக் கட்டாயமாக்கி, நோயாளிக்கென்று இரவுப் படகு ஒன்றை நிறுத்தலாம். டெல்டாவின் நெல்லுக்காகத் தம் ஊரை நீருக்குக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பது அக்கரைக்கு ஒரு வழி. அதை அரசு தன் செலவில் தர வேண்டும்.