மூன்றாம் நாள் விஷம்

ராஜபாளையத்திலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் சங்கரன்கோவில். அங்கே சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை வாங்கி வந்து வீட்டில் வைத்துக்கொள்வது இந்த வட்டாரக் குடும்பங்களின் பழைய வழக்கம். நெற்றியில் பூசுவார்கள், கடிபட்டவருக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். பாம்பு, தேள் உருவம் பொறித்த தகடுகளை உண்டியலில் போடுவதும் உண்டு. விஷக்கடி இந்த ஊர்களின் அன்றாடப் பயங்களில் ஒன்று.

பயத்துக்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. மேற்கே மலை, அதன் அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரின் செண்பகத்தோப்பு, ராஜபாளையத்தின் அய்யனார் கோயில் பக்கம், அதற்குக் கீழே மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கண்மாய்ப் பாசன வயலும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலியைத் தேடி கண்ணாடி விரியன் வரும். வரப்பில் இருட்டில் நடப்பவரின் காலில்தான் பெரும்பாலும் கடி. கிழக்கே வறண்ட நிலங்களுக்குச் சுருட்டை விரியன்.

நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்குபவை. இமை சொருகும், மூச்சு அடங்கும், சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். கண்ணாடி விரியன் அப்படியல்ல. முதல் நாள் கால் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும். அதைத் தாண்டிப் பிழைத்தவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சிறுநீர் குறையும், பிறகு நின்றே போகும். முகம் ஊதும், வாந்தி எடுக்கும், விக்கல் பிடிக்கும். விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைத் தீர்த்துவிடுவதும், நுண்ணிய ரத்தக்கட்டிகள் சிறுநீரகத்தின் சிறு ரத்தக்குழாய்களில் அடைப்பதும், ரத்த அழுத்தம் விழுவதும், சிதைந்த சிவப்பணுக்களின் கழிவு சேர்வதும், விஷமே அங்கிருக்கும் செல்களைத் தாக்குவதும் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது.

ஊர் வைத்தியருக்கு இந்த இரண்டாம் கட்டம் பெரும்பாலும் கண்ணில் படவே இல்லை. வேப்பிலையை மெல்லச் சொல்லிக் கசப்பு தெரிகிறதா என்று பார்ப்பது, சிறியாநங்கை அரைத்துக் கொடுப்பது, கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எல்லாமே முதல் இரவுக்கான வைத்தியங்கள். பாம்பு விஷம் இறக்காமல் கடிப்பதும் உண்டு. அப்படிப் பிழைத்தவர்களெல்லாம் வைத்தியரின் பேர் சொல்லும் சாட்சிகள். முதல் இரவைத் தாண்டி, ஒரு வாரம் கழித்து வீங்கிச் செத்தவரின் சாவு பாம்பின் கணக்கில் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. வைத்தியரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு உலகில் யாரிடமும் அதற்கு மருந்து இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796இல் பெரிய நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியன் இன்று ஆங்கிலத்தில் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. அந்தக் காலத்தில் பேர்பெற்ற தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் சோதித்துப் பார்த்தார். பாம்புக்கடிக்கு என்று கொடுக்கப்பட்ட அந்த மாத்திரையில் சேர்ந்திருந்த சரக்குகளில் ஒன்று பாஷாணம். கடியில் பிழைத்தாலும் மருந்தில் பிழைக்க வேண்டும் என்ற நிலை. நூறு ஆண்டு கழித்து, 1895வாக்கில், ஆல்பெர் கால்மெத் விஷமுறிவு ஊசியைக் கண்டுபிடித்தார். நாகத்தின் விஷத்துக்காகச் செய்த அந்த மருந்து விரியன் விஷத்துக்கு உதவாது என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. ஒவ்வொரு பாம்புக்கும் அதனதன் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து வேண்டியிருந்தது. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் போடும் ஊசி மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்தது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு, 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

ஆனால் ஊசி ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் கட்டும். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை அது தொடாது. அங்கே நேரம்தான் எல்லாம். நேரம் என்பது இந்த ஊர்களுக்குத் தூரம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985இலிருந்து விருதுநகர். எந்த மாவட்டமாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரைதான். அங்கே மருத்துவக் கல்லூரி 1954இல் வந்தது. திருநெல்வேலியில் 1965. ராஜபாளையத்திலிருந்து மதுரை எண்பது கிலோமீட்டருக்கு மேல். நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளும் ஓடிய வட்டாரம் இது. காயத்துக்குக் கட்டும் துணி இங்கிருந்து ஊரெல்லாம் போயிற்று. சிறுநீரகத்தில் விழுந்த காயத்துக்கு மட்டும் இங்கிருந்து வெளியூர் போக வேண்டியிருந்தது.

அந்தக் காயம் ஆறக்கூடியது என்ற செய்தி போர்க்காலத்தில்தான் தெளிவானது. 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள், சில நாள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பைவாட்டர்ஸும் பீலும் எழுதினார்கள். விரியன் கடியின் அதே தாமதக் கணக்கு. நெதர்லாந்தில் ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் நடுவே வில்லெம் கோல்ஃப், இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோபேன் குழலை மர உருளையில் சுற்றி ஒரு செயற்கைச் சிறுநீரகம் செய்தார். முதல் பதினாறு பேரில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். பதினேழாவதாக, 1945 செப்டம்பரில், 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். இயந்திரம் அவருடைய சிறுநீரகத்தைக் குணப்படுத்தவில்லை. அது தானாக ஆறும்வரை ஆளை உயிரோடு வைத்திருந்தது, அவ்வளவுதான். டயாலிசிஸ் இன்றைக்கும் செய்வது அதைத்தான்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை சிறுநீரக மருத்துவத்தின் தாய்வீடு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் அங்கே நடந்தது. பாம்புக்கடியால் வரும் சிறுநீரகச் செயலிழப்பைப் பற்றி சண்டிகரின் கே.எஸ். சுக் 1989இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். டயாலிசிஸ் இயந்திரம் எட்டாத இடங்களில் வயிற்றுக்குள் குழாய் விட்டுத் திரவத்தை நிரப்பி வடிக்கும் முறை பல்லாண்டு ஓடியது. மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்பது ஒரே கேள்வி: “மூத்திரம் போச்சா?” போயிருந்தால் சிறுநீரகம் மீள்கிறது. ஆறுவதற்கு நெடுங்காலம் அது ஒன்றே அடையாளம். பிறகு கிரியேட்டினின் அளவு சேர்ந்தது. அதிலும் ஒரு குறை உண்டு: சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் அது ஏறும்.

உள்ளே நடப்பதைத் திசுவிலேயே பார்க்க வழி கிடைத்தது அண்மைக் காலத்தில். அடிபட்ட சிறுநீரகக் குழலில் செத்த செல்கள் உதிர்ந்துவிடும். பிழைத்தவை தட்டையாகிப் பரவி, இடைவெளியை மூடி, பிளந்து பெருகிக் குழலைத் திரும்பக் கட்டும். வெளியிலிருந்து வேறு செல்கள் வந்து இந்த வேலையைச் செய்யவில்லை, மிஞ்சியவையே செய்கின்றன என்பதை 2008இல் எலிகளில் நிறுவினார்கள். பிளந்துகொண்டிருக்கும் செல்லைக் காட்டிக்கொடுப்பது கேஐ-67 என்ற புரதம். ஜெர்மனியின் கீல் நகரத்தின் முதலெழுத்துகளை வைத்த பெயர், 1983இல் கண்டது. சாயமேற்றிய திசுவில் உட்கரு பழுப்பாகத் தெரிந்தால் அங்கே கட்டுமானம் நடக்கிறது. 1998இல் கண்ட கிம்-1 என்ற இன்னொரு புரதம் அடிபட்ட செல்லின் மேற்பரப்பில் தோன்றுவது. செத்த குப்பையை விழுங்கவும் அது உதவுகிறது. நடுவழியில் பிளக்க முடியாமல் சிக்கிக்கொண்ட செல்கள் தழும்பைக் கிளப்பிவிடும் என்று 2010இல் தெரிந்தது. ஆறியதாகத் தோன்றும் சிறுநீரகம் பின்னாளில் சுருங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாது. சிறுநீரகத்தில் ஊசி குத்தித் திசு எடுப்பது ஆபத்து. வாரக்கணக்கில் சிறுநீர் திரும்பாதபோதுதான் எடுப்பார்கள். ஆக, நன்றாக ஆறிய சிறுநீரகத்தின் திசுவை மனிதரில் பார்த்தவர் குறைவு. பெரும்பகுதி அறிவு எலியிடமிருந்து வந்தது. வயலில் பாம்பை வரவழைத்த அதே எலி!

108 ஆம்புலன்ஸ் 2008இல் ஓடத் தொடங்கியது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மதுரைத் தூரம் ஓரளவு குறைந்தது. கடிபட்டு வந்தவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று பார்க்கும் சோதனைக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. புற்றுமண் பூசினாலும் சரி, பூசாவிட்டாலும் சரி, ஊசிக்காக உடனே வண்டியேறும் குடும்பங்கள் இப்போது அதிகம்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் ஓட்டை. சிறுநீர் போய்விட்டது, வீடு திரும்பியாயிற்று என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகப் பாதிப்பு தங்கிவிட்டது தெரிந்தது. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கான உலக அளவிலான 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை வேண்டும் என்கிறது. விரியன் கடித்துச் சிறுநீர் நின்று பிழைத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், மூன்றாம் மாதம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்; அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.