சிகிச்சை முடிந்த பிறகு: பழவேற்காட்டுப் பாடு முறை

மனக்காயத்துக்கு வைத்தியம் தேடிய கதையில் பாதி, போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கதைதான். முதல் உலகப் போரில் அதைக் குண்டதிர்ச்சி என்றார்கள். வியட்நாமிலிருந்து வந்தவர்கள் விடாமல் குரல் கொடுத்ததால், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தனி நோயாக ஏற்றது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் அந்த நோயைப் பற்றிய பேச்சு தமிழகக் கடற்கரைக்கும் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் பயிற்றுவித்த தொண்டர்கள் குப்பங்களுக்குச் சென்றார்கள். மனக்காயத்துக்கான சிகிச்சை பலன் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் படைவீரர்களுக்கான இரண்டு முதன்மைச் சிகிச்சைகளை அலசிய 2015ஆம் ஆண்டு ஆய்வில், பலர் தேறினாலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிகிச்சை முடிந்தும் நோய் நீங்கவில்லை. நோய் யாருக்கு வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2000ஆம் ஆண்டு அறிக்கையோ, சம்பவத்துக்கு முந்தைய குணநலன்களைவிட, பிறகு கிடைக்காமல் போன ஆதரவும் கூடிய வாழ்க்கைச் சுமையும் வலுவான காரணங்கள் என்றது. அப்படியென்றால், சிகிச்சைக்குப் பிறகு மனிதர் எந்த ஊருக்குத் திரும்புகிறார் என்பதும் முக்கியமான கேள்வி.

இந்தக் கேள்வியோடு பார்த்தால், பழவேற்காட்டு ஏரியின் பாடு முறை வெறும் மீன்பிடி ஏற்பாடாகத் தெரியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் சாதி மீனவர்களின் ஊர்களில், கல்யாணமான ஆண் தலைக்கட்டாகக் கணக்கில் சேர்ந்ததும் பாடு முறையில் உரிமை பெறுவார். குச்சி ஊன்றிச் சுத்துவலை கட்டும் இறால் துறைகள் சீட்டு எடுத்து முறைவைத்துப் பகிரப்படும். நல்ல துறை ஒருவர் கையிலேயே தங்காது.  பிழைப்பும் உறவும் ஒரே கணக்கில் வருவதால், மனக்காயத்துக்குப் பின்னால் வரும் சுமையைக் குறைக்கும் வலு அதற்கு உண்டு என்பதே என் வாதம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். பாடு மருத்துவம் அல்ல என்பது முதலாவது. உண்மைதான், இரவில் தூக்கம் கலைந்து நடுங்குபவருக்குத் துறை கொடுத்தால் போதாது, மருத்துவர் வேண்டும். இரண்டாவது கடுமையானது: பெண்களுக்குத் தனி உரிமை இல்லை, சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பழங்குடியினர் வெளியே நிற்கிறார்கள், இறால் விலை ஏறியதும் மற்ற ஊர்களோடு பூசல் முற்றியது. இதை மழுப்ப முடியாது. ஆனால் இந்தக் குறை என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை. கூடுதல் ஆதாரமே ஆகிறது. வட்டத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு என்றால், வெளியே நிறுத்தப்படுவதும் ஒரு காயம்தான். பேரிடருக்குப் பின் ஆலோசகரை அனுப்பும் அரசு, முறையும் பங்கும் இல்லாதவர்களின் பட்டியலையும் அன்றே எடுக்க வேண்டும்.